குருதி மீளும் வேளை: ஈரல் இழைய ஊறு பற்றி வாவிக்கரையிலிருந்து ஒரு விளக்கம்

உடலின் யாதேனும் ஓர் உறுப்புக்குக் குருதி செல்வது தடைப்படின் அவ்வுறுப்பு நலிவுறும் என்பது எவரும் அறிந்த உண்மை. தடை நீங்கிக் குருதி மீளப் பாயத் தொடங்கியதும் நலிவும் நீங்கிவிடும் என்றே நாம் இயல்பாக எண்ணுகின்றோம். ஆயின், கடந்த அரை நூற்றாண்டில் வளர்ந்த உடற்றொழிலியல் ஆய்வுகள் இவ்வெண்ணம் பாதி மட்டுமே உண்மை என்பதைப் புலப்படுத்தியுள்ளன. குருதியின்றி வாடிய இழையத்துக்குக் குருதி திரும்பும் அந்த வேளையிலேயே புதியதோர் ஊறு தொடங்குகின்றது. இதனை இக்கட்டுரையில் மீள்குருதி ஊறு என்று குறிப்பிடுவோம்.

இது மருத்துவருக்கு மட்டும் உரிய நுணுக்கம் எனச் சிலர் கருதக்கூடும். அவ்வாறன்று. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் விபத்துக்குள்ளாகும் ஓர் உழவரின் உயிரும், மாரிகாலத்தில் டெங்குக் காய்ச்சலுற்ற ஒரு சிறுமியின் உயிரும் இந்நிகழ்வோடு தொடர்புடையவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தும் நூல்களை மொழிபெயர்த்தும் ஒரு வழியைக் காட்டினார். தம் உடலில் நிகழ்வதை மக்கள் தம் மொழியில் அறிதல் வேண்டும் என்ற அந்நோக்கே இக்கட்டுரைக்கும் அடிப்படையாகும்.

ஈரலின் இரட்டைக் குருதி வழி

வளர்ந்த ஒருவரின் ஈரல் ஏறத்தாழ 1.5 கிலோகிராம் நிறையுடையது. உடல் நிறையில் ஐம்பதில் ஒரு பங்கே ஆயினும், ஓய்வு நிலையில் இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை, அதாவது நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் அளவை அது பெறுகின்றது. இக்குருதி இரண்டு வழிகளால் வந்து சேர்கின்றது. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் உணவுச் சாரத்தைச் சுமந்துவரும் ஈரல்வாயினாளம் நாற்பங்கில் மூன்று பங்கைத் தருகின்றது. எஞ்சியதை ஈரல் நாடி தருகின்றது. அளவிற் சிறிதாயினும் நாடிக்குருதி ஒட்சிசன் செறிந்தது. எனவே ஈரலுக்கு வேண்டிய ஒட்சிசனில் ஏறத்தாழ அரைவாசியை அதுவே அளிக்கின்றது.

இவ்வமைப்பை விளங்கிக்கொள்ள நம் வாவியே நல்ல உவமையாகும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவிக்கு மேற்கிலிருந்து ஆறுகளும் வாய்க்கால்களும் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியாகவும் தெற்கே கல்லாற்றுப் பகுதியிலும் கடல்நீர் உட்புகுகின்றது. இரண்டும் கலந்த நீரிலேயே வாவியின் இறாலும் மீனும் வாழ்கின்றன. அவ்வாறே ஈரல்வாயினாளக் குருதியும் நாடிக்குருதியும் ஈரற் கலங்களின் நிரைகளுக்கிடையே செல்லும் நுண்குடாக்களிற் கலக்கின்றன. அந்நுண்குடாக்களின் ஓரத்தே குப்பர் கலங்கள் எனப்படும் விழுங்கு கலங்கள் காவலிருக்கின்றன. 1876இல் இவற்றை விவரித்த செர்மானிய உடற்கூற்றறிஞர் குப்பரின் பெயரையே இவை தாங்கியுள்ளன. குடலிலிருந்து வரும் கிருமிகளையும் நச்சுப்பொருள்களையும் பிடித்தழித்தல் இவற்றின் தொழில். இக்காவலரே பின்னர் ஊறு செய்வோராக மாறுவதை மேலே காண்போம்.

நுண்குடாவின் தொடக்கத்திலுள்ள கலங்கள் ஒட்சிசனை முதலிற் பெறுகின்றன. மைய நாளத்தை அண்டிய கலங்களுக்கு மிச்சமே கிட்டுகின்றது. வாய்க்காலின் கடைமடை வயல் முதலிற் காய்வது போல, குருதி குறையும்போது முதலில் மடிபவை மைய நாளத்தை அண்டிய இக்கலங்களே.

தடையின்போது நிகழ்வன

கலம் உயிர்வாழ்வதற்கான சத்தி, அதனுள்ளிருக்கும் இழைமணிகளில் ஒட்சிசனின் துணையோடு ஆக்கப்படுகின்றது. அச்சத்தியை ஏந்திச் செல்லும் நாணயம் போன்றது ஏ.ரி.பி. என்னும் பொருள். ஒட்சிசன் நின்றதும் ஏ.ரி.பி. ஆக்கமும் நின்றுபோகின்றது, கையிருப்பு விரைவிற் கரைகின்றது. கலமென்சவ்விலுள்ள சோடியப் பம்பி இயங்குவதற்குச் சத்தியில்லை. சோடியம் உள்ளே தேங்குகின்றது. அதைத் தொடர்ந்து நீரும் புகுந்து கலம் வீங்குகின்றது. கல்சியமும் அளவுமீறி உட்புகுகின்றது. ஒட்சிசனின்றிக் குளுக்கோசைச் சிதைக்க முற்படுவதால் இலற்றிக்கமிலம் சேர்ந்து கலத்தின் உட்பாகம் அமிலத்தன்மை அடைகின்றது.

இவையனைத்தும் குருதியின்மையால் நேரடியாக விளைவன. இவற்றோடு, பின்னர் வெடிக்கக்கூடிய இரண்டு பொருள்களும் இக்காலத்திலேயே திரளுகின்றன. சிதைந்த ஏ.ரி.பி.யிலிருந்து ஐப்போசாந்தீன் என்னும் பொருள் உண்டாகிச் சேர்கின்றது. இழைமணியினுள் சக்சினேற்று என்னும் பொருள் பன்மடங்காகப் பெருகுகின்றது. ஒட்சிசன் இல்லாதவரை இவை பெரிதும் தீங்கற்றவை. காய்ந்த வைக்கோற் போர் நெருப்பில்லாதவரை வைக்கோலே அன்றோ?

மீளும்போது நிகழ்வன

குருதி திரும்புகின்றது, அதனோடு ஒட்சிசனும் திரும்புகின்றது. திரண்டிருந்த சக்சினேற்று மிக விரைவாக ஒட்சியேற்றப்படுகின்றது. அப்போது எழும் இலத்திரன்கள் இழைமணியின் ஒழுங்கான பாதையில் முன்னே செல்ல இடமின்றிப் பின்னோக்கிப் பாய்ந்து, ஒட்சிசன் மூலக்கூற்றை அரைகுறையாகத் தாழ்த்திச் சூப்பரொட்சைட்டு என்னும் சுயாதீன மூலிகத்தை ஆக்குகின்றன. இச்செயன்முறையை 2014இல் கேம்பிறிட்சு ஆய்வாளர் உள்ளிட்ட ஒரு குழுவினர் எலிகளில் எடுத்துக்காட்டினர். இதற்கு முன்னர், 1980களில், அமெரிக்க அறிஞர் யோ மக்கோட்டும் அவருடைய சகாக்களும் ஐப்போசாந்தீனின் மீது சாந்தீன் ஒட்சிடேசு என்னும் நொதியம் தொழிற்பட்டு இதே மூலிகத்தை உண்டாக்குகின்றது என விளக்கியிருந்தனர். இன்று இழைமணியே முதன்மைத் தோற்றுவாய் எனக் கருதுவோர் பலர். எவ்வழியாயினும் விளைவு ஒன்றே: மூலிகங்கள் கலமென்சவ்வின் கொழுப்பையும் புரதங்களையும் தாக்குகின்றன.

இங்கு நுட்பமானதொரு முரணையும் நோக்குதல் வேண்டும். தடையின்போது சேர்ந்த அமிலத்தன்மை தீமையே எனத் தோன்றினாலும், அது இழைமணியின் மென்சவ்வில் ஒரு துவாரம் திறவாதபடி தடுத்து வைத்திருந்தது. புதுக்குருதி அமிலத்தைக் கழுவி நீக்கியதும் அத்தடை அகல்கின்றது. மிகுந்த கல்சியமும் மூலிகங்களும் சேர்ந்து அத்துவாரத்தைத் திறக்கின்றன. இழைமணி வீங்கிச் செயலிழக்கின்றது, கலம் மடிகின்றது. கலத்துக்கு நலந்தரும் என நாம் நம்பிய மாற்றமே அதன் இறப்புக்கு ஏதுவாகின்றது.

இதன்பின் ஊறு இரு கட்டங்களாக விரிகின்றது. முதற் சில மணித்தியாலங்களில், விழித்தெழுந்த குப்பர் கலங்கள் தாமும் மூலிகங்களை உமிழ்ந்து, அழற்சியைத் தூண்டும் இரசாயனத் தூதுகளை வெளியிடுகின்றன. இத்தூதுகளால் ஈர்க்கப்பட்ட நடுநிலைநாடிகள் என்னும் வெண்குருதிக் கலங்கள் ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்களின் பின் பெருந்திரளாக வந்து குவிகின்றன. கிருமியை அழிப்பதற்கென அமைந்த அவற்றின் படைக்கலங்கள் இங்கே கிருமியின்றியே ஈரற் கலங்களின்மீது பாய்கின்றன. இவ்விரண்டாங் கட்டம் ஓரிரு நாள் நீடிக்கலாம். இதே வேளையில் நுண்குடாக்களின் உட்சுவர்க் கலங்கள் வீங்கி, குருதிச் சிறுதட்டுகள் ஒட்டி, வழி குறுகுவதால் பெருங்குழாய் திறந்திருந்தும் சில பகுதிகளுக்குக் குருதி சென்று சேர்வதில்லை.

உழவர் இதனை எளிதில் உணர்வர். கோடையிற் காய்ந்து வெடித்த வாய்க்காலில் மதகை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் முதல் வெள்ளம் வரம்பை அரித்துச் சேற்றையும் செத்தையையும் கொண்டுபோய்க் கடைமடையில் அடைத்துவிடும். நீரே வேண்டாமென்று எந்த வட்டவிதானையும் சொல்வதில்லை. எப்போது, எவ்வளவு திறப்பது என்பதே கேள்வி. எனினும் உவமை ஓரளவுக்கே பொருந்தும். வாய்க்காலைக் கெடுப்பது நீரின் விசை. ஈரலைக் கெடுப்பது குருதியின் விசையன்று, அது கொணரும் ஒட்சிசனோடு நிகழும் இரசாயனத் தாக்கமும் அதைத் தொடரும் அழற்சியுமே.

எவ்விடங்களில் இது நேர்கின்றது?

முதலாவது, ஈரற் காயமும் சத்திரசிகிச்சையும். காட்டு யானை தாக்கியோ, உழவு இயந்திரம் புரண்டோ, மோட்டார் சைக்கிள் விபத்திலோ ஈரல் கிழிந்தால் பெருங்குருதிப் போக்கு நேரும். 1908இல் கிளாஸ்கோ நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் ஓகாத் பிறிங்கிள், ஈரலுக்குள் நுழையும் நாளத்தையும் நாடியையும் ஒருங்கே விரல்களால் அழுத்தி இப்போக்கை நிறுத்தலாம் என எழுதினார். இன்றும் அதே முறை கையாளப்படுகின்றது. ஆயினும் அழுத்தியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பின்னர் வரும் ஊற்றின் அளவைக் கூட்டுகின்றது. நலமுள்ள ஈரல் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத் தொடர் தடையைத் தாங்கும்; நோயுற்ற ஈரல் அவ்வளவு தாங்காது. அதனால் 15 நிமிடம் அழுத்துவதும் 5 நிமிடம் விடுவதுமாக மாறிமாறிச் செய்தல் பெருவழக்காயிற்று.

இரண்டாவது, அதிர்ச்சி நிலை. ஈரலுக்கு எவ்விதக் காயமும் இல்லாமலே, உடல் முழுவதிலும் குருதியமுக்கம் வீழ்ந்தால் ஈரல் குருதியிழக்கின்றது. மூளைக்கும் இதயத்துக்கும் குருதியைக் காப்பதற்காக உடல் குடலுக்கும் ஈரலுக்கும் செல்வதைக் குறைத்துவிடுகின்றது. அமுக்கம் மீட்கப்பட்டபின் ஓரிரு நாளில் ஈரல் நொதியங்கள் குருதியில் ஆயிரக் கணக்கான அலகுகளுக்கு உயர்வது இதன் அடையாளம். மூலகாரணம் தீர்க்கப்பட்டால் அவை பெரும்பாலும் சில நாள்களில் இறங்கத் தொடங்கும்.

டெங்கு இவ்வகையில் நமக்கு மிக அண்மையிலுள்ள உதாரணம். 2017இல் இலங்கை முழுவதிலும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர் எனப் பதிவாயினர். கிழக்கில் வடகீழ்ப் பருவமழையோடு இந்நோய் தலைதூக்குவது வழக்கம். டெங்கில் ஈரல் ஊறுபடுவதற்கு வைரசின் நேரடித் தாக்கமும், உடலின் எதிர்ப்பு விளைவுகளும், அதிர்ச்சியால் வரும் குருதிக்குறையும் ஆகிய மூன்றும் காரணமாகலாம். காய்ச்சல் தணியும் வேளையிலேயே குருதித் திரவவிழையம் குழாய்களிலிருந்து கசியத் தொடங்குகின்றது. அடுத்து வரும் 24 முதல் 48 மணித்தியாலங்களே ஆபத்தான கட்டம். “காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை” என்று வீட்டார் ஆறுதலடையும் நேரம் உண்மையில் மிக்க விழிப்போடு இருக்கவேண்டிய நேரம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், சோர்வு, குருதிக் கசிவு என்பவற்றில் எதுவேனும் தோன்றினால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும். அதனையும் குறித்த அளவுக்கு மேல் உட்கொள்ளின் நலிந்த ஈரலுக்கு அது மற்றொரு நஞ்சாகும். அஸ்பிரின், இபுபுறுபன் போன்றவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

மூன்றாவது, ஈரல் மாற்றுச் சிகிச்சை. இதில் குருதித்தடை தவிர்க்கமுடியாதது. ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்ட ஈரல் மற்றவருடைய குழாய்களோடு இணைக்கப்படும்வரை குருதியற்றே இருக்கும். 1963இல் அமெரிக்காவின் டென்வரில் தோமஸ் ஸ்ராசில் இச்சிகிச்சையை முதன்முதலில் முயன்றார். 1967இலேயே நீடித்த வெற்றி கிட்டியது. 1987 அளவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சர், சவுதாட் ஆகியோர் உருவாக்கிய பாதுகாப்புக் கரைசல், குளிரில் ஈரலைக் காக்கும் நேரத்தைப் பெரிதும் நீட்டியது. இந்தியாவில் 1998 நவம்பரில் டெல்லியில் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைக்குத் தந்தையின் ஈரற் பகுதியைப் பொருத்தியமை அந்நாட்டின் முதல் வெற்றியாக அமைந்தது. இலங்கையிலும் ராகமை உள்ளிட்ட இடங்களில் ஈரல் மாற்றுச் சிகிச்சை நிகழ்ந்துள்ளது.

எழுவான்கரையும் படுவான்கரையும்

மேற்கூறிய யாவற்றிலும் ஒரு காரணி மீண்டும் மீண்டும் வருகின்றது: அதுதான் நேரம். தடை நீடிக்க நீடிக்க ஏ.ரி.பி. தீர்கின்றது, சக்சினேற்றுத் திரளுகின்றது, மீட்சியின்போது வரும் ஊறும் பெருகுகின்றது. நேரம் என்பது உடற்றொழிலியல் நூலில் ஓர் எண். நம் பிரதேசத்தில் அது நிலத்தின் அமைப்பாலும் சமூகத்தின் அமைப்பாலும் வரையறுக்கப்படுவது.

வாவியின் கிழக்கே எழுவான்கரை. நகரும் பெருஞ்சாலையும் போதனா வைத்தியசாலையும் அங்கே உள்ளன. மேற்கே படுவான்கரை, நெல்வயலும் மேய்ச்சல் தரையும் காடும் அங்கே உள்ளன. நாட்டுக்கு நெல் தருவோர் சிகிச்சைக்கு நீரைக் கடந்து வரவேண்டியிருந்தது. மண்முனையையும் கொக்கட்டிச்சோலையையும் இணைக்கும் பாலம் 2014இலேயே திறக்கப்பட்டது. அதுவரை அத்துறையில் மக்களைக் கடத்தியது பாதை எனப்படும் மிதவையே. போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளும் ஊரடங்கும் அதனோடு சேர்ந்தன. குருதியமுக்கம் வீழ்ந்த ஒருவர் பாதைக்காகக் காத்திருந்த அரை மணித்தியாலம் அவருடைய ஈரற் கலங்களிலும் கணக்காகிக்கொண்டிருந்தது. ஒரு பாலம் போக்குவரத்துத் துறையின் வேலை மட்டுமன்று, அது மருத்துவமும் ஆகும் என்று நாம் கூறுவது இதனாலேயே.

கொழுப்பீரல் என்னும் மறை ஆபத்து

அதே அளவு தடையை இரு ஈரல்கள் ஒரே வகையில் தாங்குவதில்லை. கொழுப்புப் படிந்த ஈரலில் கலங்கள் உப்பி நுண்குடாக்களை நெருக்குகின்றன. இழைமணிகள் ஏலவே நலிந்துள்ளன. மூலிகங்கள் தாக்குவதற்கு ஏற்ற கொழுப்பும் மிகுதி. எனவே மீள்குருதி ஊறு அங்கே கடுமையாகின்றது. கம்பகா மாவட்டத்து ராகமையில் வளர்ந்தோரிடையே நிகழ்த்தப்பட்ட ஆய்வொன்று, மதுவினால் அல்லாத கொழுப்பீரல் 32.6 சதவீதத்தினரிடம் இருந்ததை 2009இல் வெளிப்படுத்தியது. மூவரில் ஒருவர் என்பது சிறு தொகையன்று. அவ்வெண்ணை அப்படியே வாவிக்கரைக்குப் பொருத்துதல் முறையன்று. எனினும் நீரிழிவும் உடலுழைப்புக் குறைவும் பெருகிவரும் எவ்வூரும் இதனைப் புறக்கணித்தல் இயலாது. கொழுப்பீரல் பொதுவாக வலி தருவதில்லை. விபத்தோ அதிர்ச்சியோ நேரும் நாளில்தான் அந்த ஈரலின் தாங்கும் ஆற்றல் எவ்வளவு குறைந்துள்ளது என்பது தெரியவரும்.

தடுக்கும் வழிகள்

1986இல் அமெரிக்காவில் மறி, யெனிங்ஸ், றெய்மர் ஆகியோர் நாயின் இதயத்தில் ஓர் எதிர்பாராத உண்மையைக் கண்டனர். நீண்ட தடைக்கு முன்னர், ஐந்து நிமிடக் குறுந்தடைகள் நான்கினை ஏற்படுத்தியபோது, பின்னர் மடிந்த இழையத்தின் அளவு வெகுவாகக் குறைந்தது. சிறு இடருக்குப் பழகிய கலம் பேரிடரைத் தாங்கும் ஆற்றல் பெறுகின்றது. ஈரலிலும் இம்முறை ஆராயப்பட்டுள்ளது; ஆயின் நோயாளரிடம் கிட்டிய பயன் எல்லா ஆய்விலும் ஒரே சீரானதன்று. மூலிகங்களை அணைக்கும் மருந்துகள் பல விலங்குகளிற் பயன் தந்தும் மனிதரிடம் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. ஊறு ஒரே வாயிலால் வருவதன்று; ஒன்றை அடைத்தால் மற்றொன்று திறந்திருக்கின்றது என்பதே இதற்குக் காரணமாகலாம்.

மாற்றுச் சிகிச்சையில் நம்பிக்கை தருவது இயந்திர ஊட்டமாகும். ஈரலைப் பனிக்கட்டியில் வைத்திருப்பதற்குப் பதிலாக, உடல்வெப்பநிலையில் ஒட்சிசனேற்றிய குருதியை அதனூடாக ஓடச்செய்வது ஒரு முறை. ஐரோப்பாவில் நடைபெற்று 2018இல் வெளியான ஆய்வொன்று, இம்முறையால் ஈரல் ஊறு குறைந்ததையும் பயன்படுத்தத்தக்க ஈரல்களின் தொகை கூடியதையும் காட்டியது. குளிர்நிலையில் ஒட்சிசன் கலந்த கரைசலை ஓடவிட்டுச் சக்சினேற்றை மெல்லத் தீர்க்கும் மற்றொரு முறையும் உண்டு. மதகை மெல்லத் திறக்கும் அறிவு இங்கே இயந்திர வடிவு பெற்றுள்ளது எனலாம். ஆயினும் இவ்வியந்திரங்கள் பெருஞ்செலவு பிடிப்பவை. நம்மைப் போன்ற நாட்டிற் பெரும்பாலான மக்களுக்குப் பயன்படக்கூடியது இவற்றிலும் எளிய ஒன்றே: குருதித்தடையின் நேரத்தைக் குறைத்தல்.

முடிவாகச் சில

இவ்விளக்கத்திலிருந்து ஒரு பிழையான முடிவுக்கு எவரும் வந்துவிடலாகாது. குருதி மீள்வது ஊறு செய்கின்றது, ஆகவே மீட்கத் தயங்கலாம் என்பது அப்பிழை. குருதி மீளாத இழையம் முற்றாக இறந்துபோகும். மீண்ட இழையமோ ஊறுபட்டும் பெரும்பகுதி பிழைக்கும். அதிலும் ஈரல், எஞ்சிய கலங்களிலிருந்து தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் ஆற்றல் மிக்க உறுப்பு. எனவே விரைவாக மீட்டலும், மீட்டபின் ஓரிரு நாள் கண்ணுங்கருத்துமாகக் கவனித்தலும் ஆகிய இரண்டுமே இந்த அறிவு நமக்குச் சொல்வன.

முதலாவது கடமை அம்புலன்சு, பாலம், குருதி வங்கி, பிரதேச வைத்தியசாலையில் உரிய ஆளணி என்பவற்றைச் சார்ந்தது. அதாவது பொதுச் செலவைச் சார்ந்தது. இரண்டாவது, நோயாளி அபாயம் கடந்துவிட்டார் என்று தோன்றும் நேரத்திலும் கட்டிலருகே நிற்கும் தாதியையும் மருத்துவரையும் உறவினரையும் சார்ந்தது. ஈரற் கலத்துக்குள் நிமிடங்களில் நிகழும் மாற்றத்தை ஆய்வுகூடம் கண்டறிந்துவிட்டது. அந்நிமிடங்களைப் படுவான்கரை உழவருக்கு மிச்சப்படுத்திக் கொடுப்பது ஆய்வுகூடத்தால் ஆவதன்று. அது நாம் அனைவரும் கேட்டுப் பெறவேண்டிய ஒன்றாகும்.